8-3 என்று ஒரு ஸ்கோரா? அமெரிக்க ஃபுட்பால் சீசன் ஒன்றை வாசிக்கும் வழி

8-3. டிசம்பர் 17, 1950 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லண்ட் நகரில் நடந்த ஒரு ஃபுட்பால் மேட்சின் முடிவு இது. நாம் அறிந்த ஃபுட்பாலாக இருந்தால் அன்றைக்கே கோல்கீப்பரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இது அமெரிக்க ஃபுட்பால். இரு முனையும் கூம்பிய பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் பட்டை, ஆளை ஆள் மோதிச் சாய்க்கும் ஆட்டம். அந்தக் கணக்கில் 8-3 என்பது கடைசி நிமிடம் வரை இழுத்த மேட்ச்.

இந்த விளையாட்டை டிவியில் பார்த்துப் புரிந்துகொள்ள நானும் முயன்று தோற்றவன்தான். ஐந்து விநாடி ஓடுகிறார்கள், அப்புறம் அரை நிமிடம் சும்மா நிற்கிறார்கள், மறுபடியும் ஒரு ஆள்குவியல். ஸ்கோரைப் பிரித்துக் கூட்டிப் பார்க்கப் பழகிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அதனால் விதிப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு டீமின் ஒரே ஒரு சீசனை எடுத்துக்கொள்வோம். டீம், கிளீவ்லண்ட் பிரௌன்ஸ். ஆண்டு 1950.

முதலில் அடிப்படை, சுருக்கமாக

மைதானம் நூறு கெஜ நீளம். யார்டு என்று அவர்கள் சொல்வது துணிக்கடையில் பழைய ஆட்கள் சொல்லும் அதே கெஜம்தான், மூன்று அடி. இரு முனையிலும் கோட்டைத் தாண்டி இன்னும் பத்துப் பத்து கெஜம் இருக்கும். அதற்கு எண்ட் ஸோன் என்று பெயர். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் டீமுக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். அந்த நான்குக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும், மறுபடி நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்கு. கிரிக்கெட்டில் ஓவர் எண்ணுவது போல இங்கே டவுன் எண்ணுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நன்றாக ஆடினால் ஓவர் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும்.

முன்னேற இரண்டு வழி. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். அல்லது முன்னால் ஓடும் கூட்டாளிக்கு எறியலாம். எறிகிற ஆள் குவாட்டர்பேக். எறிந்த பந்தை எதிராளி பறித்துக்கொண்டால் அது இன்டர்செப்ஷன். ஓடும்போது கை நழுவவிட்டால் ஃபம்பிள், யார் அமுக்கிப் பிடிக்கிறாரோ அவருக்குச் சொந்தம்.

இப்போது புள்ளிகள். பந்தோடு எதிராளியின் எண்ட் ஸோனுக்குள் போய்விட்டால் டச்டவுன், 6 புள்ளி. அதைத் தொடர்ந்து, மைதானத்தின் முனையில் நிற்கும் இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே ஓர் உதை, அதற்கு 1. டச்டவுன் கிடைக்காது என்று தோன்றினால் இருக்கிற இடத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுத்துக்கொள்ளலாம். இது ஃபீல்டு கோல். கடைசியாக ஓர் அபூர்வமான வகை: பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனுக்குள்ளேயே சாய்த்துவிட்டால், சாய்த்த டீமுக்கு 2. இதன் பெயர் சேஃப்டி. இன்றைக்கு டச்டவுனுக்குப் பிறகு உதைக்காமல் இன்னொரு முறை உள்ளே நுழைந்து 2 புள்ளி எடுக்கும் வசதியும் இருக்கிறது. 1950-இல் என்எஃப்எல்லில், அதாவது அமெரிக்காவின் தேசிய ஃபுட்பால் லீக்கில், அது கிடையாது.

ஆக 7, 3, 2. இந்த மூன்று எண்களும், எப்போதாவது உதை தவறி வரும் 6-உம் தான் எல்லா ஸ்கோரும். 8-3ஐ இப்போது நீங்களே உடைக்கலாம். 3 என்பது ஒரு ஃபீல்டு கோல். 8 என்பது இரண்டு ஃபீல்டு கோலும் ஒரு சேஃப்டியும். இரு பக்கமும் ஒரு டச்டவுன்கூட இல்லை. ஏன் அப்படி ஆனது என்பதற்குள்தான் சீசனின் கதை இருக்கிறது.

வெளியூர்க்காரர்கள்

பிரௌன்ஸ் 1950-இல் என்எஃப்எல்லுக்குப் புதிது. அதற்கு முன் நான்கு ஆண்டுகள், 1946 முதல் 1949 வரை, அவர்கள் ஆடியது ஆல் அமெரிக்கா ஃபுட்பால் கான்ஃபரன்ஸ் என்ற போட்டி லீக்கில். சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்டு முன்னின்று தொடங்கிய லீக் அது. நான்கு ஆண்டும் கோப்பை பிரௌன்ஸுக்கே. 1948-இல் ஒரு மேட்சில்கூடத் தோற்கவில்லை. ஒரே டீம் ஜெயித்துக்கொண்டே இருந்தால் பார்க்க வருகிறவர்களுக்கும் அலுத்துப்போகும் அல்லவா? லீக் நொடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். 1949 டிசம்பரில் கதவைச் சாத்தினார்கள். பிரௌன்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ், பால்டிமோர் கோல்ட்ஸ் என்ற மூன்று டீம்களை மட்டும் என்எஃப்எல் சேர்த்துக்கொண்டது.

கிளீவ்லண்டுக்கு இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1945-இல் அந்த நகரத்தில் ராம்ஸ் என்று ஒரு என்எஃப்எல் டீம் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், கடுங்குளிரில், வாஷிங்டன் டீமை 15-14 என்று வென்று சாம்பியனும் ஆனது. (பிரித்துப் பாருங்கள்: 15-க்குள் ஒரு சேஃப்டி ஒளிந்திருக்கிறது. வாஷிங்டன் குவாட்டர்பேக் சாமி பா தன் எண்ட் ஸோனிலிருந்து எறிந்த பந்து கோல் கம்பத்திலேயே பட்டுத் திரும்பியது. அன்றைய விதிப்படி அது சேஃப்டி.) கோப்பையை வாங்கிய கையோடு, அடுத்த மாதமே முதலாளி டான் ரீவ்ஸ் டீமை மூட்டை கட்டி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். நகரம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் பிரௌன்ஸ்.

கோச் பால் பிரௌன். டீமின் பெயரே அவர் பெயர்தான். ஓஹையோவின் மாசிலன் ஊரில் பள்ளிக்கூட டீமைப் பயிற்றுவித்து, அப்புறம் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக டீமைத் தேசிய சாம்பியனாக்கியவர். பள்ளி வாத்தியார் பழக்கம் கடைசிவரை போகவில்லை. ஆட்டக்காரர்களை வகுப்பறையில் உட்கார வைத்து நோட்டுப் புத்தகத்தில் எழுத வைப்பார், பரீட்சை வைப்பார், மேட்ச் படச்சுருளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பிழை பார்ப்பார். அடுத்து என்ன ஆட வேண்டும் என்பதைக்கூடக் குவாட்டர்பேக்கின் இஷ்டத்துக்கு விடுவதில்லை. ஒவ்வொரு டவுனுக்கும் ஓர் ஆட்டக்காரரைத் தூதுவர் போல உள்ளே அனுப்பிச் செய்தி சொல்லுவார். அந்த ஆள் வெளியே வர இன்னொருவர் அடுத்த செய்தியோடு உள்ளே போவார். ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற விதியை என்எஃப்எல் நிரந்தரமாக்கியது 1950-இல்தான். இவருக்கு அது வசதியாகப் போயிற்று.

டீமின் முதலாளி மிக்கி மெக்பிரைடு டாக்ஸி கம்பெனி நடத்தியவர். டீமில் இடம் இல்லாத, ஆனால் விட மனமில்லாத ஆட்டக்காரர்களை டாக்ஸி கம்பெனிச் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். மாற்று ஆட்டக்காரர்களுக்கு அமெரிக்காவில் "டாக்ஸி ஸ்குவாடு" என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 1930-களின் நடுவிலிருந்து என்எஃப்எல்லில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. 1946-இல் ராம்ஸ் டீம் கென்னி வாஷிங்டன், உடி ஸ்ட்ரோடு இருவரையும், பிரௌன்ஸ் பில் வில்லிஸ், மேரியன் மோட்லி இருவரையும் எடுத்தன. பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கில் இறங்கியது 1947. அதற்கு ஓராண்டு முன்பே நடந்தது இது. ஆனால் ராபின்சன் பெயர் உலகத்துக்கே தெரியும், இவர்கள் நால்வர் பெயரும் ஃபுட்பால் வட்டத்தைத் தாண்டவில்லை. அந்த 1946-இல் மயாமியில் நடந்த மேட்சுக்கு வில்லிஸையும் மோட்லியையும் கூட்டிப்போகவே முடியவில்லை. தெற்கு மாநிலங்களின் நிலைமை அப்படி இருந்தது.

35-10

பிரௌன்ஸ் என்எஃப்எல்லுக்குள் வந்தபோது பழைய லீக் ஆட்களுக்கு ஒரே இளக்காரம். நம் கடைசி டீம் போதும், அவர்களுடைய முதல் டீமை மண்ணைக் கவ்வ வைக்க, என்று பேச்சு. லீக்கின் தலைவர் பெர்ட் பெல் சாமர்த்தியசாலி. சண்டை என்றால் கூட்டம் வரும் என்று அவருக்குத் தெரியும். சீசனின் முதல் மேட்சாக, செப்டம்பர் 16, சனிக்கிழமை இரவு, பிலடெல்பியாவில், நடப்புச் சாம்பியன் ஈகிள்ஸுடன் பிரௌன்ஸை மோதவிட்டார். ஈகிள்ஸ் சாதாரண டீம் இல்லை. 1948, 1949 இரண்டு இறுதி ஆட்டங்களிலும் எதிராளிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் ஜெயித்தவர்கள். 71,237 பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

தொடக்கத்திலேயே பிரௌன்ஸின் டான் ஃபெல்ப்ஸ் எதிராளி உதைத்த பந்தைப் பிடித்து, 64 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். கூட்டாளி ஒருவர் செய்த தவறுக்காக நடுவர் அதைச் செல்லாது என்றார். சரி, புது ஆட்களுக்கு இவ்வளவுதான் என்று கூட்டம் நினைத்திருக்கும். ஈகிள்ஸ் 3 புள்ளி எடுத்து முன்னால் போனது. அதற்குப் பிறகு குவாட்டர்பேக் ஆட்டோ கிரஹாம் எறிய ஆரம்பித்தார். டப் ஜோன்ஸுக்கு 59 கெஜத்தில் ஒன்று, டான்டே லவெலிக்கு ஒன்று, மேக் ஸ்பீடிக்கு ஒன்று. 38 எறிந்து 21 பிடிபட்டன. மொத்தம் 346 கெஜம், மூன்று டச்டவுன். ஈகிள்ஸின் ஆட்கள் ஓடி வருபவர்களை மடக்குவதில் சூரர்கள். தலைக்கு மேலே பறக்கும் பந்தை என்ன செய்வார்கள்? 35-ஐ உடைப்பதில் சிரமமே இல்லை: ஐந்து டச்டவுன், ஐந்து உதை.

ஈகிள்ஸின் கோச் கிரீஸி நீல் அலுத்துக்கொண்டாராம், இது ஃபுட்பாலா பேஸ்கட்பாலா, பந்தை மேலேயே எறிந்துகொண்டிருக்கிறார்களே என்று. (கிரஹாம் உண்மையிலேயே தொழில்முறை பேஸ்கட்பாலும் ஆடியவர்.) பால் பிரௌன் அதை மனதில் வைத்துக்கொண்டார். டிசம்பர் 3 அன்று அதே ஈகிள்ஸ் கிளீவ்லண்டுக்கு வந்தபோது, பிரௌன்ஸ் 13-7 என்று ஜெயித்தது. அந்த மேட்சின் கணக்கேட்டில் கிளீவ்லண்ட் எறிந்த பந்துகளின் எண்ணிக்கை: பூஜ்யம். ஓடியே ஆடி, எதிராளி எறிந்ததை ஒருமுறை பறித்து டச்டவுனாக்கி, மிச்சத்தை இரண்டு ஃபீல்டு கோலில் முடித்துக்கொண்டார்கள். 7, 3, 3. ஒரு கோச் வீம்புக்காக இப்படி ஆடலாமா என்றால், ஆடக்கூடாதுதான். ஆனால் படிக்க நன்றாக இருக்கிறது.

குடை

அப்போதெல்லாம் சீசன் என்றால் 12 மேட்ச். 13 டீம்கள், இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதலில் வருபவர் இறுதி ஆட்டத்தில் மோதுவார்கள். செய்தித்தாளில் டீமின் பெயருக்குப் பக்கத்தில் 10-2 என்று போட்டிருந்தால் பத்து வெற்றி, இரண்டு தோல்வி என்று அர்த்தம். டிரா இருந்தால் மூன்றாவதாக ஓர் எண் வரும்.

பிரௌன்ஸின் 10-2-இல் அந்த இரண்டு தோல்வியும் ஒரே டீமிடம். நியூயார்க் ஜயன்ட்ஸ். அக்டோபர் 1-இல் 6-0. அதுவரை பிரௌன்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்காமல் மைதானத்தை விட்டு வந்ததே கிடையாது. அதே மாதம் மறுபடியும் 17-13.

ஜயன்ட்ஸின் கோச் ஸ்டீவ் ஓவன் செய்தது எளிய காரியம். முன்வரிசையில் ஆறு பேர் நின்று மோதுவது வழக்கம். அதில் இரு ஓரத்து ஆட்களையும் தேவைப்பட்டால் பின்னால் வரச் சொல்லி, எறிகிற பந்துக்குக் காவல் போட்டார். அவர்களுக்குப் பின்னால் வளைவாக நான்கு பேர். மேலேயிருந்து பார்த்தால் விரித்த குடை போலத் தெரியும். பெயரும் குடை டிஃபென்ஸ் என்றே நிலைத்துவிட்டது. பின்னாளில் டாலஸ் கௌபாய்ஸின் கோச்சாகப் பெரும் பெயர் எடுத்த டாம் லேண்ட்ரி அன்று அந்தக் குடையின் ஒரு கம்பி.

எறிவது அடைபட்டால் ஓட வேண்டியதுதான். ஓடுவதற்கு மோட்லி இருந்தார். அக்டோபர் 29-இல் பிட்ஸ்பர்க் டீமுக்கு எதிராக அவர் பந்தை வாங்கியது வெறும் 11 முறை. ஓடியது 188 கெஜம். முறைக்கு 17 கெஜம்! ஒரு டவுனுக்கு 4 கெஜம் ஓடினாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். அந்த சீசனில் லீக்கிலேயே அதிகம் ஓடியவர் அவர்தான், 810 கெஜம்.

சீசன் முடிவில் ஜயன்ட்ஸும் 10-2, பிரௌன்ஸும் 10-2. அதனால் ஒரு கூடுதல் மேட்ச் தேவைப்பட்டது. அதுதான் நாம் தொடங்கிய 8-3. கிளீவ்லண்டில் டிசம்பர் நடுவில் தரை உறைந்து கல்லாகிக் கிடந்தது, குளிரில் விரல் பந்தைப் பிடிக்க மறுத்தது. ஒரு கட்டத்தில் ஜயன்ட்ஸின் ஜீன் ராபர்ட்ஸ் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடினார். பின்னாலிருந்து துரத்தி, கோட்டுக்குச் சில கெஜம் இருக்கும்போது அவரை இழுத்துப்போட்டவர் பில் வில்லிஸ். நியூயார்க்கின் கணக்கில் அன்று டச்டவுன் ஏறவே இல்லை. 3-3. கடைசி நிமிடத்தில் பிரௌன்ஸுக்காக உதைக்கும் லூ குரோசா ஒரு ஃபீல்டு கோல் போட்டு 6-3. மிச்சமிருந்த விநாடிகளில் நியூயார்க் குவாட்டர்பேக் சார்லி கானர்லியை அவருடைய எண்ட் ஸோனிலேயே சாய்த்தார்கள். அந்த 2-ஐயும் சேர்த்து எட்டு.

30-28

இறுதி ஆட்டம் டிசம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். எதிராளி யார் தெரியுமா? லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே நகரத்தை விட்டுப்போன அதே டீம். 1945-இல் இதே ஸ்டேடியத்தில் ராம்ஸுக்காக ஜெயித்த பாப் வாட்டர்ஃபீல்டு இப்போது வெளியூர்க்காரராக வந்து இறங்கினார். ஈரி ஏரிக் கரையில் இருக்கும் அந்தப் பெரிய ஸ்டேடியத்தில் அன்று 29,751 பேர்தான். குளிரும் பண்டிகையும் மற்றவர்களை வீட்டிலேயே பிடித்து வைத்துவிட்டன.

ராம்ஸின் முதல் ஆட்டமே 82 கெஜ டச்டவுன். வாட்டர்ஃபீல்டு எறிய, கிளென் டேவிஸ் பிடித்து ஓடினார். அந்த சீசனில் ராம்ஸ் 12 மேட்சில் 466 புள்ளி குவித்த டீம். பிரௌன்ஸ் ஈடுகொடுத்தது. 7-7. ராம்ஸ் 14-7. அப்புறம் கிரஹாம் லவெலிக்கு எறிந்து டச்டவுன், 14-13. இங்கேதான் கவனிக்க வேண்டும். அடுத்து வரும் ஒரு புள்ளி உதை சர்வசாதாரணம். யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். உதைக்கும் ஆளுக்காகப் பந்தைத் தரையில் நிறுத்திக் கொடுக்க வேண்டிய டாமி ஜேம்ஸிடம் பந்து ஒழுங்காக வந்து சேரவில்லை. குரோசாவால் உதைக்கவே முடியவில்லை. ஒரு புள்ளி போச்சு. அதே கால் பகுதியில் (ஒரு மேட்ச் நான்கு கால் பகுதிகளாக நடக்கும்) வாட்டர்ஃபீல்டும் மிகப் பக்கத்திலிருந்து ஒரு ஃபீல்டு கோலைத் தவறவிட்டார். அதுவும் அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது.

மூன்றாவது கால் பகுதியில் பிரௌன்ஸ் 20-14. உடனே ராம்ஸ் 21-20. அடுத்த சில நொடிகளில் மோட்லி பந்தை நழுவவிட, ராம்ஸின் லாரி பிரிங்க் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார், 28-20. கடைசிக் கால் பகுதியில் ரெக்ஸ் பம்கார்ட்னர் பிடித்த பந்து பிரௌன்ஸை 28-27-க்குக் கொண்டுவந்தது. அந்தத் தவறிய ஒரு புள்ளி இப்போது மைதானத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இருந்திருந்தால் சமம்.

மூன்று நிமிடம் போல மிச்சம் இருக்கும்போது கிரஹாமே பந்தை நழுவவிட்டார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவரைக் கண்டிப்புக்குப் பேர்போன பால் பிரௌன் திட்டவில்லை. கவலைப்படாதே, இன்னும் பிடித்துவிடலாம் என்றாராம். டிஃபென்ஸ் பந்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தது. ஏறக்குறைய 1 நிமிடம் 50 விநாடி மிச்சம். சொந்தப் பக்கத்தில் 32 கெஜக் கோட்டில் நிற்கிறார்கள், முன்னால் 68 கெஜம். கிரஹாம் முதலில் தானே ஓடினார். அப்புறம் ஓரங்களைப் பார்த்து எறிந்தார். ஓரக் கோட்டைத் தாண்டினால் கடிகாரம் நிற்கும் என்பதால் அப்படி. எதிராளியின் 11 கெஜக் கோடு வரை வந்ததும், டச்டவுனுக்குப் பாயாமல், அடுத்த டவுனில் பந்தைக் கம்பங்களுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தார். உதைக்கிறவருக்குக் கோணம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

16 கெஜ உதை. அன்றைக்குக் கம்பங்கள் கோட்டின் மேலேயே நின்றன, இப்போது போலப் பத்து கெஜம் தள்ளி அல்ல. அதனால்தான் இவ்வளவு குறைந்த தூரம். ஆனாலும் உறைந்த தரை, ஏரிக் காற்று, பகலில் ஏற்கெனவே ஒருமுறை கைமாற்றம் கெட்டுப்போன அதே ஏற்பாடு. இந்த முறை ஜேம்ஸ் பந்தைச் சுத்தமாக நிறுத்தினார். குரோசா உதைத்தார். 30-28. அரை நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம். ராம்ஸ் நம்பிக்கையை விடாமல் எறிந்த கடைசி நெடும் பந்தை வாரன் லார் பறித்துக்கொண்டார்.

28 என்பது நான்கு டச்டவுன், நான்கு உதை, சுத்தமான கணக்கு. 30 என்பது நான்கு டச்டவுன், மூன்றே உதை, ஒரு ஃபீல்டு கோல். வாட்டர்ஃபீல்டு தவறவிட்ட 3-ஐ அந்த 28-இல் கூட்டினால் 31 வரும்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 23 அன்று இதே இரண்டு டீம்களும் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியத்தில் மறுபடி இறுதி ஆட்டத்தில் மோதின. ராம்ஸ் 24, பிரௌன்ஸ் 17. பிரித்துப் பாருங்கள். பிரௌன்ஸின் 17-க்குள் இருக்கும் அந்த 3, குரோசா 52 கெஜத்திலிருந்து உதைத்தது.